மார்ச் மாதத்து மேளம்

மார்ச் மாதம் பிறந்தால் பல்கலைக்கழகங்களுக்குக் கலை ஞாபகம் வந்துவிடும். கருத்தரங்கம், கவியரங்கம், நாடக விழா, நாட்டுப்புறக் கலை நாள், மொழிபெயர்ப்புப் பட்டறை என்று ஒரு துறை பாக்கியில்லாமல் வாசலில் பேனர் கட்டுவார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு மாமரம் பூத்ததும் கவிதை வாசிக்கத் தோன்றிவிட்டது போலத் தெரியும். உள்ளே வேலை பார்க்கிறவர்களுக்குக் காரணம் தெரியும். நிதியாண்டு மார்ச் 31ஆம் தேதி முடிகிறது. பண்பாட்டு நிகழ்ச்சிகளுக்கென்று ஒதுக்கிய பணத்தை அதற்குள் செலவு செய்து, ரசீது ஒட்டி, பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும். ஆறு மாதம் மேசையில் கிடந்த கோப்பு மாசி மாதத்தில் எழுந்து ஓட ஆரம்பிக்கும். நான் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். இந்த ஓட்டத்தில் ரசீது ஒட்டுகிற வேலை எப்போதும் எங்களைப் போன்றவர்களுக்குத்தான் வரும்.

விருத்தாசலத்துக்கு மேற்கே நல்லூர்ப் பக்கம் எங்கள் ஊர். மணிமுத்தாறு ஓடுகிற பக்கம். ஓடுகிற என்பது மழைக்காலத்துக்குத்தான் பொருந்தும். எங்களுக்கும் மாசி, பங்குனி, சித்திரைதான் கலைக்காலம். மாசி மகத்துக்கு விருத்தகிரீஸ்வரர் கோயிலில் தேர். சிவராத்திரி முடிந்த கையோடு அங்காளம்மன் கோயில்களில் மயானக் கொள்ளை. பங்குனி உத்திரத்துக்கு மணவாளநல்லூர்க் கொளஞ்சியப்பர் கோயிலுக்குக் காவடி. அப்புறம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படித்துக் கூத்து விடுவார்கள். எங்கள் காரணம் வேறு. அறுப்பு முடிந்து வயல் சும்மா கிடக்கிற மாதங்கள் இவை. சனங்களுக்கு வேலை இருக்காது, குதிரில் கொஞ்சம் நெல் இருக்கும், ராத்திரி முழுக்கக் கண் விழித்தாலும் மறுநாள் யாரும் கேட்க மாட்டார்கள்.

இந்தக் கலைக்காலத்தில் சேரிக்கு இருந்த பங்கு மேளம் ஒன்றுதான். ஊர்ச்சாமி சேரிக்குள் வராது. ஆனால் சேரி மேளம் போகாமல் சாமி கிளம்பாது. கோயிலுக்கு வெளியே, சொன்ன இடத்தில் நின்று அடிக்க வேண்டும். குடியானத் தெருவில் சாவு விழுந்தால் அதற்கும் அடிக்க வேண்டும், சுற்றுப்பட்ட ஊர்களுக்குச் சாவு சொல்லப் போக வேண்டும், செத்த மாட்டை எடுக்க வேண்டும். அதற்குக் கூலி என்று ஒன்று பேசியதில்லை. களத்து மேட்டில் தூற்றியது போக மிஞ்சியதில் ஒரு கூடை, சாவு வீட்டில் ஒரு வேட்டித் துண்டு, கொஞ்சம் சாராயம். இதைத்தான் இன்று ‘சமூக நல்லிணக்கத்தில் கலையின் பங்கு’ என்று கட்டுரை படிக்கிறார்கள்.

எங்கள் பெரியப்பா மேளக்காரர். அம்பேத்கர் நூற்றாண்டு கொண்டாடிய 1991இல், காலனியில் அவர் வயது ஆட்கள் பத்துப் பேர் கூடி இனிமேல் ஊர்ச் சாவுக்கு அடிப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். அந்த வருசங்களில் தமிழ்நாட்டில் பல சேரிகளில் இது நடந்தது. சில ஊர்களில் பறையைக் கொளுத்தினார்கள், சில ஊர்களில் கிணற்றில் போட்டார்கள். எங்கள் ஊரில் முடிவெடுத்த இரண்டாவது மாதமே குடியானத் தெருவில் ஒரு பெரிய சாவு விழுந்தது. யாரும் போகவில்லை. அந்த வருசம் எங்களுக்கு நடவு வேலை இல்லை, கடையில் கடன் இல்லை, அவர்கள் கொல்லை வழியாக ஆட்டை ஓட்டக்கூட முடியவில்லை. பெண்கள்தான் அதிகம் பட்டார்கள். வரப்புப் புல்லுக்கு அறுவாளோடு போனவளைக் கூடையைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பினார்கள். எங்கள் அம்மா அந்தச் சமயத்தில்தான் விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தாள்.

பெரியப்பா தன் மேளத்தைக் கொளுத்தவில்லை. சாக்கில் சுற்றி எறவானத்தில் செருகி வைத்தார். ‘அது என்னா பாவம் பண்ணுச்சி, அத எதுக்குக் கொளுத்தணும்?’ என்று கேட்டாராம். எடுத்து அடிக்கவும் இல்லை. அப்படியே இருபத்தைந்து வருசத்துக்கு மேல் இருந்தது.

செராமிக் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இந்தக் கதைக்கு வேண்டியிருக்கிறது. நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலே கிடக்கிற வெள்ளைக் களிமண்ணை நம்பி வளர்ந்தது விருத்தாசலத்துப் பீங்கான் தொழில். ஃபியூஸ் கட்டை, மின்சார வேலைக்கான பீங்கான் சாமான்கள், பொம்மைகள் எல்லாம் செய்வார்கள். அம்மா சூளைக்குப் போகும் முன் காய்ந்த சரக்குக்கு உப்புத்தாள் போடுவாள். சாயங்காலம் வரும்போது புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். அச்சில் ஊற்றி எடுத்து, பிசிறு சீவி, உப்புத்தாள் போட்டுச் சூளையில் அடுக்குகிற வரைக்கும் அது உருப்படிக் கணக்கு, கூலி. அதே பொம்மை வண்ணம் பூசிக் கண்காட்சியில் ஏறிவிட்டால் கைவினைக் கலை. எந்த இடத்தில் அது கூலியிலிருந்து கலையாக மாறியது என்று அம்மா ஒருநாள் கேட்டாள். நான் அப்போது முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். என் பாடப் புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை.

பெரியப்பாவின் பேத்தி, எனக்கு அண்ணன் மகள், கல்லூரியில் சேர்ந்த வருசம் ஒரு பறைப் பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு வந்தாள். வந்ததும் எறவானத்தில் கை வைத்தாள். தோல் பூச்சி அரித்துப் போயிருந்தது, வேப்பங்கட்டை மட்டும் அப்படியே இருந்தது. புதுத் தோல் போட்டாள். வைக்கோல் கொளுத்தித் தோலைக் காய்ச்சுவதை முகாமில் சொல்லிக்கொடுத்தபடி செய்தாள். பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ‘அனல்ல காட்டு. தீயில காட்டாத, பாப்பா’ என்றார். அவ்வளவுதான் அன்றைக்குச் சொன்னார். ஆறு மாதத்தில் ஐந்து பெண்களும் நான்கு பையன்களும் சேர்ந்து ஒரு குழு ஆகிவிட்டது. எங்கள் பக்கம் பெண்கள் மேளத்தைத் தொட்டதே கிடையாது. அடிக்குச்சி எப்படிப் பிடிப்பது, சிண்டுக்குச்சி எங்கே விழ வேண்டும் என்று பெரியப்பா சொல்லிக்கொடுத்தார். சாவுக்கு அடிக்கிற அடியை மட்டும் சொல்லிக்கொடுக்க மறுத்துவிட்டார்.

2021 செப்டம்பரில் கடலூர் நீதிமன்றம் கண்ணகி - முருகேசன் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. எங்களுக்கு அது செய்தித்தாள் விசயமில்லை. புதுக்கூரைப்பேட்டை விருத்தாசலத்துக்குப் பக்கத்து ஊர். முருகேசன் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த வேதிப் பொறியியல் பட்டதாரி, எங்கள் சனம். கண்ணகி வன்னியப் பெண். 2003 மே மாதம் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். ஜூலை 8ஆம் தேதி இரண்டு பேருக்கும் விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள். தீர்ப்பு வரப் பதினெட்டு வருசம். போலீஸ்காரர்கள் இரண்டு பேரையும் சேர்த்து 13 பேருக்குத் தண்டனை. அண்ணன் மகள் அதைப் பற்றி ஒரு பாட்டு எழுதினாள். கல்யாணத்தைப் பதிவு செய்த நாளிலிருந்து தீர்ப்பு நாள் வரைக்கும் தேதி தேதியாகப் போகிற பாட்டு, நடுவில் மேளம் மட்டும் பேசுகிற இடம் ஒன்று. பிரமாதமான கவிதை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேட்டவர்கள் நகரவில்லை.

2022 பிப்ரவரி கடைசியில் ஒரு பல்கலைக்கழகத் துறையிலிருந்து எனக்குப் போன் வந்தது. பெயர் வேண்டாம். மேலே சிதம்பரம் என்று எழுதியதால் அது என்று நினைத்துவிட வேண்டாம், இது வேறு ஊர். கொரோனாவால் இரண்டு வருசம் விழா நடக்காமல் பணம் தேங்கிக் கிடந்தது. கலை இலக்கிய வாரம் நடத்துகிறார்கள். திங்கட்கிழமை சோழர் சிற்பம் பற்றிச் சொற்பொழிவு, பரதநாட்டியம். அப்புறம் கவியரங்கம், குறும்படம், மொழிபெயர்ப்பு. வெள்ளிக்கிழமை நாட்டுப்புறக் கலை. ‘பறை வேணும் மேடம். உங்க பக்கத்து ஆளுங்க இருப்பாங்களே’ என்றார் பேசியவர். நான் வேலை செய்கிற கல்லூரியில் நான் எந்தப் பக்கம் என்று யாரிடமும் சொன்னதில்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பல்கலைக்கழகத்துக்கும் பறைக்கும் உள்ள உறவு நேற்று வந்ததில்லை. 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எழுந்தபோதே அங்கே இசைக் கல்லூரி இருந்தது. 1941இல் அங்கேதான் தமிழிசை மாநாடு நடந்தது. தமிழன் மேடையில் தமிழில் பாட வேண்டும் என்று கேட்டார்கள், நியாயமான கேள்வி. அந்தச் சண்டை எந்த மொழியில் பாடுவது என்பதைப் பற்றியது. எந்தத் தோலில் அடிப்பது என்பது அந்தச் சண்டையில் சேர்த்தி இல்லை. அதே சிதம்பரத்தில் பல்கலைக்கழகத்துக்குப் பதின்மூன்று வருசம் முன்னால், 1916இல், சுவாமி சகஜானந்தர் நம் பிள்ளைகளுக்காக நந்தனார் பள்ளியைத் தொடங்கிவிட்டார். ஊருக்குள் இரண்டு கல்விக்கூடம், இரண்டு சரித்திரம். தமிழகத்துக் கல்வி வரலாறு எழுதுகிறவர்கள் ஒன்றைத்தான் விரித்து எழுதுகிறார்கள். தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் ஒரு பறையைக் கருப்பொருளாகச் சொல்கிறது என்பதை எல்லாத் தமிழ்த் துறையும் பாடமாக நடத்தும். தேர்வில் கேட்பார்கள், எழுதினால் மதிப்பெண் உண்டு. அந்தப் பறையை இன்று கையில் வைத்திருப்பவன் யார், அவன் எந்தத் தெருவில் இருக்கிறான் என்பது பாடத்திட்டத்தில் இல்லை.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளியில் பேராசிரியராக இருந்த கே.ஏ. குணசேகரன் நாட்டுப்புறப் பாட்டை ஆய்வேட்டுக்குள் அடைத்துவிடாமல் தானே மேடையேறிப் பாடினார். தன்னானே கலைக்குழுவோடு ஊர் ஊராகப் போனார், ‘பலி ஆடுகள்’ நாடகம் எழுதினார். சாதியைப் பெயர் சொல்லிப் பாடினார். மதுரையில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு, நம் ஆட்களுக்குப் பரட்டை அண்ணன், வழிபாட்டுக்குள்ளேயே கிராமத்துப் பாட்டைக் கொண்டு வந்தார். தொண்ணூறுகளில் அங்கே நடந்த தலித் கலை விழாக்களுக்குப் போனவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள், விழா முடிந்து ஊருக்குப் போகிற பஸ்ஸில்கூட மேளம் ஓயவில்லை என்று. ஆக, கல்வி நிறுவனத்தால் முடியாது என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். இரண்டு பேரும் இப்போது இல்லை. அப்பாவு 2005இலும் குணசேகரன் 2016இலும் போய்விட்டார்கள்.

அந்த நம்பிக்கையில்தான் நான் குழுவைக் கேட்டேன். பிள்ளைகளுக்குச் சந்தோசம். பெரியப்பா ஒரு நாள் யோசித்துவிட்டுத் தானும் வருவதாகச் சொன்னார். ‘என்னாத்துக்குக் கூப்புடுறாங்கன்னு பாத்துட்டு வரலாம்.’

முன்கூட்டியே போய் ஏற்பாடுகளைப் பேசினேன். செலவுத் திட்டத்தை என்னிடம் காட்டினார்கள். சொற்பொழிவாளர்களுக்கு மதிப்பூதியம். நாட்டியக் கலைஞருக்கு மதிப்பூதியம். கவியரங்கத் தலைவருக்கு மதிப்பூதியம். பறைக் குழுவைத் தேடினேன். அந்தத் தலைப்பில் இல்லை. அடுத்த பக்கத்தில் ‘இதர செலவினம்’ என்று ஒன்று இருந்தது. சாமியானா, மைக் செட், தேநீர், பறை. தொகை குறைவு என்பதை விடுங்கள், எந்த வரிசையில் வைத்திருக்கிறார்கள் பாருங்கள். மாற்றச் சொன்னேன். ‘தலைப்பு மாத்துனா ஆடிட்ல கேள்வி வரும் மேடம்’ என்றார்கள். நாட்டியக் கலைஞருக்கு வராத கேள்வி.

விழாவன்று காலை வேனை விட்டு இறங்கியதும் ஒரு இளம் பேராசிரியர் ஓடி வந்தார். சிறப்பு விருந்தினர் கார் வந்துகொண்டிருக்கிறது, நுழைவாயிலிலிருந்து அரங்கம் வரைக்கும் அவருக்கு முன்னால் அடித்துக்கொண்டு வர வேண்டும் என்றார். அவர் கெட்டவர் இல்லை. மரியாதை செய்கிறோம் என்றுதான் நினைத்தார். பெரியப்பா அவரை உட்காரச் சொன்னார், அவர் நின்றுகொண்டே இருந்தார். ‘தம்பி, பொணத்துக்கு முன்னால நடக்கறத வுட்டு முப்பது வருசம் ஆவுது. இப்ப காருக்கு முன்னால நடக்கச் சொல்றீங்களா? மேடையில கூப்புடுங்க, அடிக்கிறம்’ என்றார். அந்தப் பையனின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. விருந்தினர் நாதஸ்வர ஒலிநாடாவில் வந்து சேர்ந்தார்.

அப்புறம் பாட்டு. நிகழ்ச்சி நிரலில் போடுவதற்காக அண்ணன் மகள் பாட்டின் தலைப்பை எழுதிக் கொடுத்திருந்தாள். அரை மணி நேரம் கழித்துத் துறைத் தலைவர் எங்களை அறைக்குக் கூப்பிட்டார். டீ வரவழைத்தார். பாட்டு ரொம்ப நன்றாக இருக்கிறது என்றார். ஆனால் பெயரெல்லாம் வருகிறது, ஊர் வருகிறது, வழக்கு மேல்முறையீட்டில் இருக்கிறது, கோர்ட்டு சமாச்சாரம், மாணவர்களில் எல்லாத் தரப்பும் இருக்கிறார்கள். ‘பாட்டு வேண்டாம்மா. ஆட்டம் மட்டும் போதும். நீங்க அடிச்சாலே போதும், அதுவே பேசும்.’ பெயரை எடுத்துவிட்டுப் பாடலாமா என்று ஒரு பையன் கேட்டான். அண்ணன் மகள் அவனைப் பார்த்த பார்வையில் அவன் வாயை மூடிக்கொண்டான். வீட்டுக்குப் போய்விடலாம் என்றாள் அவள். பெரியப்பாதான், ‘வந்தது வந்தாச்சி. நான் அடிக்கிறன்’ என்றார்.

முதலில் இலக்கியப் பேராசிரியர் ஒருவர் பறை என்ற சொல்லைப் பற்றிப் பேசினார். பறைதல் என்றால் சொல்லுதல், மலையாளத்தில் இன்றும் அப்படித்தான், பறை என்பது சொல்லும் கருவி, தமிழனின் ஆதித் தொடர்புச் சாதனம் என்று நாற்பது நிமிடம். விளிம்பு, மையம், சொல்லாடல் எல்லாம் வந்தது. சொல்லும் கருவியைக் கொண்டுவந்தவர்களிடம் அரை மணிக்கு முன்னால்தான் சொல்லாதே என்று சொல்லியிருந்தார்கள். மேடைக்குப் பின்னால் பிள்ளைகள் தோலைச் சூடேற்ற இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். தீ மூட்டக் கூடாது என்று காவலாளி தடுத்துவிட்டதால் மேளத்தை வெயிலில் கிடத்திவிட்டுப் பக்கத்தில் நின்றார்கள்.

பெரியப்பா மேடையேறியபோது குழு இரண்டு அடி பின்னால் நின்றது. அவர் ஆரம்பித்த அடி பிள்ளைகளுக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தது. சின்ன வயதில் கேட்டது, பாடை தூக்கும்போது அடிக்கிற அடி. சாவு மேளம் என்றால் அழுகுணியாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். அதில் ஆட்டம் இருக்கும். துக்கத்தில் சாய்ந்துவிடுகிறவனை நிமிர்த்தி நடக்க வைக்கிற அடி அது. முன்வரிசை உற்சாகமாகிவிட்டது. கைதட்டினார்கள், துறைத் தலைவர் தொடையில் தாளம் போட்டார், இரண்டு பேராசிரியர்கள் எழுந்து ஆடவும் செய்தார்கள். யாரோ விசிலடித்தார்கள். அரங்கத்தின் பின்பக்கம் விடுதி மாணவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவன் எழுந்து நின்றான், அப்புறம் அவன் பக்கத்தில் ஒரு பெண். கொஞ்ச நேரத்தில் இருபது இருபத்தைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். கைதட்டவில்லை, ஆடவில்லை. சாவு வீட்டு வாசலில் எப்படி நிற்போமோ அப்படி நின்றார்கள். எந்தத் தெருப் பிள்ளைகள் அவர்கள் என்று நான் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. முன்வரிசை ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை.

முடிந்ததும் துண்டு போர்த்தினார்கள். நாட்டியக் கலைஞருக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும் மிச்சமிருந்த பொன்னாடை எங்களுக்கு வரும்போது தீர்ந்துவிட்டதாம். அலுவலகத்தில் ரசீதில் கையெழுத்து. பெரியப்பாவுக்குக் கையெழுத்துத் தெரியும். ஆனாலும் மை பெட்டியை அவர் பக்கம் தள்ளினார்கள். அவர் அதை நகர்த்தி வைத்துவிட்டுத் தன் பெயரை முழுசாக, தகப்பன் பெயரோடு, ரெவின்யூ ஸ்டாம்புக்கு வெளியேயும் நீளுகிற மாதிரி எழுதினார்.

வேனில் திரும்பும்போது பெரும் சண்டை. வீட்டில் பெரியம்மாவிடம் வேறு சண்டை. பெரியம்மா சொன்னது எளிமையானது: ‘சாவு மேளம் அடிக்க மாட்டன்னுட்டுத்தான் அந்த வருசம் பட்டினி கெடந்தம். புல்லுக்குப் போன எடத்துல என்னா பேச்சுப் பேசுனாங்கன்னு எனக்குத்தான் தெரியும். இப்ப காசு வாங்கிக்கிட்டு அதையே அடிச்சிட்டு வந்துட்ட.’ பெரியப்பா, ‘ஊரான் சாவுக்கு அடிக்க மாட்டன்னுதான் சொன்னன். செத்தது நம்ம புள்ள. அவன எரிச்சப்ப ஒரு மேளம் அடிச்சாங்களா? நம்ம சாவுக்கு நாம அடிக்கக் கூடாதுன்னு எவன் சொன்னான்?’ என்றார். அந்தப் பெண்ணும்தானே செத்தாள் என்றாள் பெரியம்மா. ‘அதுக்கும் சேத்துத்தான் அடிச்சன்.’

நான் பெரியப்பா பக்கம்தான் இருந்தேன். அந்த மாணவர்கள் எழுந்து நின்றது என் கண்ணை விட்டுப் போகவில்லை. ஆனால் அண்ணன் மகள் கேட்டதுக்குப் பதில் சொல்ல முடியவில்லை. ‘தாத்தா, நீ அடிச்சது யாருக்குப் புரிஞ்சிச்சி? நம்ம புள்ளைங்களுக்கு. அதுங்களுக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே. தெரியாதவன் எழுந்து ஆடிட்டுப் போயிட்டான். தெரிஞ்சவங்களுக்கே சொல்றதுக்கு எதுக்கு வேன் புடிச்சிப் போவணும்?’

யோசிக்க யோசிக்க அவள் பக்கம் நியாயம் இருப்பதாகவே தோன்றுகிறது. ஒளித்துச் சொல்கிற எதிர்ப்பு அவர்களுக்குச் செலவில்லாதது. ‘அதுவே பேசும்’ என்று துறைத் தலைவர் சொன்னாரே, அது வெறும் சமாளிப்பில்லை. மேளம் பேசும், ஆனால் பெயர் சொல்லாது, தேதி சொல்லாது, எந்தத் தெரு யாரைக் கொன்றது என்று சொல்லாது. சத்தம் அவர்களுக்கு வேண்டும், சொல் வேண்டாம். ஊர்க்காரர்கள் கேட்டதும் அதுதானே? அடி, பேசாதே. பாட்டு தடுக்கப்பட்டது என்று மேடையில் ஏறி ஒரே ஒரு வரி சொல்லியிருந்தால் அந்தத் துறைக்கு எவ்வளவு சங்கடமாகியிருக்கும்!

போகவே கூடாது என்று சொல்கிற தோழர்கள் இருக்கிறார்கள். கலையை அவர்கள் மேடையில் கொண்டு வைத்தால் அது காட்சிப் பொருளாகிவிடும், நம் மேடையில் மட்டும் அடிப்போம் என்கிறார்கள். நம் மேடைகள் இன்று இருக்கின்றன. நீலம் பண்பாட்டு மையம் ஏப்ரலைத் தலித் வரலாற்று மாதமாக எடுத்துக்கொண்டு கலைத் திருவிழா நடத்துகிறது. பறை இசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் மேடையேறிய அதே 2022இன் ஆகஸ்ட் மாதத்தில், தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லி அரசின் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். காலம் மாறியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பின்வரிசைப் பிள்ளைகள் அந்த வளாகத்தில்தான் மூன்று வருசம், ஐந்து வருசம் இருக்கப்போகிறார்கள். முருகேசனும் ஒரு வளாகத்தில் படித்து வந்தவன்தான். பல்கலைக்கழகத்தின் கலை வாரம் மக்கள் வரிப்பணத்தில் நடப்பது, அதில் நமக்குப் பங்கு உண்டு. கருணையாக இல்லை, கணக்காக.

வழக்கு உயர் நீதிமன்றம் போய், உச்ச நீதிமன்றம் போய், 2025 ஏப்ரலில் அங்கேயும் தண்டனை உறுதியாகிவிட்டது. கோர்ட்டு சமாச்சாரம் என்று இனிச் சொல்ல முடியாது. பாட்டில் இரண்டு தேதிகள் கூடியிருக்கின்றன.

அதே துறையிலிருந்து இப்போது மறுபடியும் கடிதம் வந்திருக்கிறது. தலைவர் மாறிவிட்டார். வங்கிக் கணக்கு எண், பான் அட்டை நகல், குழுவின் புகைப்படம் கேட்டிருக்கிறார்கள். அண்ணன் மகள் பதில் எழுதினாள். பாட்டு உண்டு, பாட்டில் பெயர்கள் உண்டு, பாட்டின் தலைப்பை அழைப்பிதழில் அச்சிட வேண்டும், பணம் மதிப்பூதியம் என்ற தலைப்பில் வர வேண்டும், ஊர்வலத்துக்கு வர மாட்டோம், தோல் காய்ச்ச இடம் வேண்டும். கொளஞ்சியப்பருக்குப் பிராது எழுதிக் கட்டுகிற மாதிரி இருக்கிறதே என்று கிண்டல் செய்தேன். அவள் சிரிக்கவில்லை. எழுதியதைத் தாத்தாவுக்கு வாசித்துக் காட்டினாள். அவருக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது. முழுதும் கேட்டுவிட்டு, இன்னொன்று சேர்க்கச் சொன்னார்.

‘நம்ம சனத்துக்கு முன்னால இருவது நாக்காலி போடணும்னு எழுது. ஒன் பாட்டிக்கு மொத நாக்காலி.’

எழுதினாள்.